எழுத்துக்கு ஒரு முழம்

அந்த வருஷம் சாரல் விடாமல் அடித்து, பாறை ஊறி, வேர் ஊறி, மலைக்கே உடம்பு கனத்துப்போன ஒரு சாயங்காலத்தில், வீடுகளில் டிவித் தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போது, மலை இறங்கி வந்து வாகைமலை எஸ்டேட்டின் கீழ் டிவிஷனில் வரிசை வீடுகளான மூன்று லயங்களை மூடிக்கொண்டு ஓடைக்கரையில் போய் உட்கார்ந்தது. மீட்க வந்தவர்கள் தோண்டினார்கள், நாயைக் கொண்டுவந்து மோப்பம் பிடித்தார்கள், கிடைத்தவர்களை எடுத்துக் கொடுத்தார்கள், கிடைக்காதவர்களுக்காகத் தலைகுனிந்து நின்றார்கள், பிறகு வேறு எங்கோ வேறு மலை இறங்கியதாகச் செய்தி வரவும் வண்டியேறிப் போனார்கள். வீடு மூடிப்போனவர்களை மேல் லயங்களில் காலியாகக் கிடந்த வீடுகளில் குடிவைத்தோம். எஸ்டேட் மேனேஜர் எங்களையெல்லாம் கொட்டகையில் கூட்டிவைத்து, குடையை மடக்காமலே பேசினார்.

"இனிமே அந்த இடத்தையே அடக்கம் பண்ணின இடமா நெனச்சுக்குங்க. எடுத்தாலும் மறுபடி மண்ணுக்குள்ளதானே வைக்கப் போறீங்க?"

கேட்டால் நியாயம் மாதிரிதான் இருந்தது. படித்தவர்கள் கேட்கிற கேள்விக்கெல்லாம் உடனே பதில் சொல்ல எங்களுக்கு வராது. ஆனால் எங்கள் சனத்தில் கோயிலுக்குப் போகிறவரானாலும் சர்ச்சுக்குப் போகிறவரானாலும், செத்தவரைக் குழிக்குள் இறக்கிய பிறகு வேண்டியவர்கள் ஒவ்வொருவரும் குனிந்து ஒரு கை மண் அள்ளிப் போட வேண்டும், போட்ட கையைக் கழுவாமல் வீடு வரைக்கும் வர வேண்டும், அதற்கப்புறம்தான் அவர் செத்தவர். மலை போட்ட மண் கணக்கில் சேராது. இதை மேனேஜருக்கு எடுத்துச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை, தேயிலைச் செடியில் கொழுந்து முற்றிக்கொண்டிருந்தது, மறுநாள் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டோம்.

அன்று சாயங்காலம் எடை போடுகிற இடத்தில் மாடத்தி தன் கூடையைப் படுதாவில் கவிழ்த்தபோது, கொழுந்து குவியலாக விழாமல் தானே நகர்ந்து நான்கு இங்கிலீஷ் எழுத்துகளாகப் படுத்துக்கொண்டது. மாடத்தியின் புருஷன் பேச்சிமுத்து மண்ணுக்குள் இருந்தான். எடை சூப்பர்வைசர் தாமோதரன் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இந்த விளையாட்டுக்கெல்லாம் தனியாக எடை கழிக்க வேண்டிவரும் என்று சொல்லிக் கொழுந்தைக் காலால் கலைத்தான், அது மறுபடியும் அதே எழுத்துகளாகச் சேர்ந்தது. அடுத்த கூடையிலும் எழுத்து, அதற்கடுத்ததிலும் எழுத்து. வீட்டில் யாரும் சாகாதவர்களின் கொழுந்து மட்டும் ஒழுங்கு மரியாதையாகக் குவிந்து கிடந்தது. நாங்கள் ஆச்சரியப்பட்டோம் என்று சொன்னால் பொய். மலையே எழுந்து நடந்து வந்ததைப் பார்த்தவர்களுக்குக் கொழுந்து நகர்வது ஒரு விஷயமா?

தாமோதரனுக்கு இருந்த ஒரே யோசனை பாக்டரியில் தேயிலைப் பக்குவம் பார்க்கிற டீமேக்கரின் வீட்டுக்குப் போன் போடுவதுதான். டீமேக்கரின் மனைவி மனோகரி, பாக்டரிக்கு மேலே இருக்கிற ஸ்டாப் பங்களாவில் பல வருஷமாக இருக்கிறாள், எங்களோடு பேசியதில்லை, பேச வேண்டிய அவசியமும் அவளுக்கு வரவில்லை. எஸ்டேட் ஜீப்பில் ஒரு நாள் பிந்தி வருகிற இங்கிலீஷ் பேப்பரில் தினமும் சில எழுத்துகளைக் கொடுத்து, இவை எல்லாம் வருகிற மாதிரி எவ்வளவு நீள வார்த்தை கண்டுபிடிக்க முடியும் என்று கேட்டிருப்பார்கள், அதைப் பென்சிலால் போட்டுப் பார்ப்பதுதான் அவளுடைய பொழுது. போட்டு முடித்த வார்த்தையைக் காட்ட ஆளில்லை. டீமேக்கருக்குத் தேயிலை வாசனையைத் தவிர எதுவும் ஏறாது. தாமோதரன் போனில், "டி, என், ஆர், எல் அம்மா" என்றதும் அவள் கொஞ்சம்கூட யோசிக்காமல், "இன்டர்நேஷனல்" என்றாள்.

மாடத்திக்கு அது என்னவென்று தெரியாது, ஆனால் புருஷன் பேரில் வந்த எழுத்துக்குப் பதிலாக வந்த சொல் என்பதால் அதைக் கீழே போட மனசில்லாமல், நிறைகுடத்தைத் தூக்கிப்போகிறவள் மாதிரி வாயை இறுக்கிக்கொண்டு, மண் மூடிய இடத்துக்குப் போய் வழக்கமாக அழுகிற கல்லில் உட்கார்ந்து, அழுகைக்கு நடுவே அதைச் சொன்னாள். மண் ஊறின மாவு மாதிரி பொங்கியது. பொங்கி விலகிய இடத்தில் பேச்சிமுத்து படுத்திருந்தான். ஸ்வெட்டர் பொத்தான் போட்டபடி, காதில் செருகிய பீடி நனையாதபடி, உடம்புச் சூடுகூட ஆறாதபடி, அன்று சாயங்காலம் எப்படி இருந்தானோ அப்படியே இருந்தான். உயிர் மட்டும் இல்லை.

மறுநாள் அவனுக்கு நாங்கள் எல்லோரும் கை மண் போட்டோம். மாடத்தி கையைக் கழுவாமல் வீட்டுக்கு வந்து, முதல்தடவையாக வாய்விட்டு அழுதாள்.

அதற்கப்புறம் எங்கள் எஸ்டேட் பிழைப்பு மாறிப்போனது. சாயங்கால எடை முடிந்ததும் எழுத்து வந்தவர்கள் ஸ்டாப் பங்களா வாசலில் வரிசை கட்டினார்கள். மனோகரி வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பெரிய டிக்ஷனரியை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் வார்த்தை சொல்லி, வாயில் ஏறுகிறவரைக்கும் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தாள். கொழுந்து காட்டிய எழுத்து எல்லாம் அந்த வார்த்தைக்குள் இருக்க வேண்டும், ஒன்று குறைந்தாலும் மண் அசையாது என்பதைச் சீக்கிரமே தெரிந்துகொண்டோம். நீளம் எதற்கு என்பது செல்லையாக் கிழவர் விஷயத்தில் தெரிந்தது. அவர் மகளுக்கு முதலில் 'மார்க்கெட்' என்ற வார்த்தை கிடைத்தது, சொன்னாள், மண் கொஞ்சம் பொங்கி அப்படியே அமுங்கிவிட்டது. அடுத்த நாள் அதே எழுத்துக்கு 'டெலிமார்க்கெட்டிங்' என்று மனோகரி தேடிக் கொடுத்தாள், கிழவர் மேலே வந்தார். எழுத்துக்கு ஒரு முழம். வார்த்தையில் எத்தனை எழுத்தோ அத்தனை முழ ஆழத்துக்கு அது கயிறு மாதிரி இறங்கும், ஆழத்தில் கிடப்பவருக்கு நீள வார்த்தை வேண்டும்.

அர்த்தம் யாரும் கேட்கவில்லை. ஒரு நாள் மனோகரிதான் தானாகவே செல்லையா மகளைக் கூப்பிட்டு, "அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் தெரியுமா?" என்று ஆரம்பித்தாள். "அது எனக்கு எதுக்கும்மா. எங்கப்பா வந்துட்டாரு" என்று சொல்லி அவள் போய்விட்டாள்.

பெண்களுக்கு மட்டும்தானா எழுத்து என்று ஆண்களும் கூடை கட்டினார்கள். செடி வெட்டுகிற கவாத்துக் கத்தியைத் தவிர வேறொன்றும் பிடிக்காத இசக்கிமுத்து, தன் பெண்டாட்டிக்காகக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு வந்து, முற்றல் இலையும் காம்புமாகப் பறித்துக் கொட்டினான், அதற்கும் எழுத்து வந்தது. சி, ஜி, எல், யு, எஸ். மனோகரி அதைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள், ரொம்ப நேரம் வரவில்லை, வந்து வேறு எழுத்து இருக்கிறதா என்று கேட்டாள், இல்லை என்றதும் தரையைப் பார்த்துக்கொண்டு, "காங்கிராஜுலேஷன்ஸ்" என்றாள். அது எல்லோருக்கும் தெரிந்த வார்த்தை. கல்யாண வீட்டு வாசலில் ஜிகினாவில் ஒட்டுகிற வார்த்தை. இசக்கிமுத்து சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு மண்ணுக்கு எதிரே நின்று, கணீரென்று, பரிசு கொடுக்கிறவர் மாதிரி அதைச் சொல்லிவிட்டு, பெண்டாட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். அன்று எங்களில் சிலருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறோம்.

தொழிற்சங்கம் நீள வார்த்தைகளைக் கம்பெனியே வழங்க வேண்டும் என்று கொடி பிடித்தது. பாதிரியார் ஜெபத்துக்குப் பிறகு எழுத்துகளைப் படித்தார், மாரியம்மன் கோயில் பூசாரி எழுத்து வந்த கொழுந்துக்குத் திருநீறு போட்டார், தாமோதரன் எழுத்துக்கென்று எடையில் கொஞ்சம் கழித்துக்கொண்டே இருந்தான். மேனேஜர்தான் அசையவில்லை. அவருக்கு எவ்வளவோ இங்கிலீஷ் தெரியும், அவர் வாயில் கிடக்கிற வார்த்தைகளைக் கொட்டினால் பாதிச் சனம் எழுந்து வந்துவிடும் என்று நாங்கள் அவர் பங்களா கேட்டில் போய் நின்றோம். அவர் கோபத்தில், "இதெல்லாம் அன்ஆத்தரைஸ்டு" என்று கத்தினார். பின்னால் நின்ற ஒருத்தி அந்த வார்த்தையை அப்படியே பொறுக்கிக்கொண்டு மனோகரியிடம் ஓடினாள், மனோகரி எண்ணிப் பார்த்துத் தலையாட்டியதும் இவள் அதைச் சொல்லித் தன் மாமியாரை எடுத்தாள். அதிலிருந்து அவர் எங்களைத் தமிழில் மட்டும்தான் திட்டினார்.

இப்படி ஒவ்வொருவராக வந்துகொண்டிருக்க, வெள்ளத்தாயின் மகள் மட்டும் வரவில்லை.

வெள்ளத்தாய் மேல் லயத்துக்காரி. புருஷன் குருசாமிக்குப் பாக்டரியில் வேலை, ஒரே பிள்ளை, சுபிதா, நாலாம் வகுப்பு. அன்று சாயங்காலம் வெள்ளத்தாய் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். குழம்பு வாய்த்துவந்ததால், கீழ் லயத்தில் இருக்கிற ஞானப்பூவுக்கும் கொஞ்சம் கொடுக்கலாம் என்று தோன்றி, சின்னத் தூக்குவாளியில் ஊற்றி, மூடி போட்டு, "சாரல் விட்டிருக்கு, சட்டுனு போயிட்டு வா" என்று மகளை அனுப்பினாள். ஞானப்பூ அன்று பறிப்பு முடிந்து, ஆள் குறைவென்று பாக்டரியில் சாயங்கால ஷிப்டுக்குப் போயிருந்தாள். வீட்டில் அவள் மகன் கவியரசன் டிவி பார்த்துக்கொண்டிருந்தான். சுபிதா வாசலைத் தாண்டி ஓடைப் பக்கம் இறங்குகிற படியில் போவதைத்தான் கடைசியாக யாரோ பார்த்திருக்கிறார்கள்.

அதற்கப்புறம் வெள்ளத்தாய்க்கு விரல் மடங்கவில்லை. தேயிலைக் காட்டில் தன் நிரையில், தனக்கு விட்ட செடி வரிசையில், நிற்பாள், செடியைத் தொடுவாள், இரண்டு இலையும் மொட்டுமாகக் கிள்ள வேண்டிய கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றோடொன்று சேராது. அதனால் அவள் கூடைக்கு எல்லோரும் கை போட்டார்கள். கை போடுவது என்பது எங்கள் காட்டில் எப்போதும் உள்ளது. பிள்ளைத்தாய்ச்சியோ, காய்ச்சல்காரியோ, துக்கக்காரியோ அன்றைய எடைக்குப் பறிக்க முடியாமல் நின்றால், பக்கத்து நிரைக்காரிகள் தாண்டிப் போகும்போது தங்கள் கூடையிலிருந்து ஒரு கை அள்ளி அவள் கூடையில் போட்டுவிட்டுப் போவார்கள். போடுகிறவள் சொல்ல மாட்டாள், வாங்குகிறவள் திரும்பிப் பார்க்க மாட்டாள், தாமோதரனும் பார்க்காத மாதிரி பாக்குப் போட்டுக்கொள்வான். பக்கத்து நிரை ஞானப்பூவுடையது. அவளும் மகனை மண்ணுக்குள் விட்டவள்தான், ஆனால் அவளுக்கு விரல் வேலை செய்தது, அதனால் எல்லோரையும்விட அதிகமாக அவள்தான் கை போட்டாள்.

வெள்ளத்தாயின் கொழுந்து படுதாவில் விழுந்தால் எழுத்து ஏராளமாக வந்தது, ஒன்றோடொன்று ஒட்டாத எழுத்துகள், இசட்டும் டபிள்யூவும் எக்ஸும் ஒரே குவியலில். அதுவும் தினம் வேறு வேறாக வந்தது. மனோகரி டிக்ஷனரியை முதலிலிருந்து கடைசி வரைக்கும் புரட்டினாள், பழைய பேப்பர் கட்டுகளைப் பிரித்தாள், சாப்பிட மறந்தாள், டீமேக்கருக்கும் சமைக்க மறந்தாள்.

"இத்தனை எழுத்தும் சேந்து வர்ற மாதிரி இங்கிலீஷ்ல வார்த்தையே கெடையாது வெள்ளத்தாயி."

"இல்லாம எப்படிம்மா இருக்கும்? புள்ள இருக்காளே."

மனோகரி டிக்ஷனரியை மறுபடி முதல் பக்கத்திலிருந்து திறந்தாள். நாளைக்கு வா என்று மட்டும் சொன்னாள், தினமும் அதையேதான் சொன்னாள்.

ஞானப்பூவின் கதை நேர்மாறு. அவளுக்கு வந்தது இரண்டு மூன்று எழுத்துதான், சுலபமான எழுத்து, மனோகரி நீள நீளமான வார்த்தையாக அள்ளிக் கொடுத்தாள், ஞானப்பூவும் ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்ச் சொன்னாள், மண் அசையவே இல்லை. பையன் அங்கே இல்லை, அன்றைக்கே பஸ் ஏறித் திருப்பூருக்குப் போயிருப்பான் என்று எங்களில் சிலர் பேச ஆரம்பித்தோம். அந்தப் பேச்சு காதில் விழுந்ததிலிருந்து ஞானப்பூ ராத்திரிச் சோற்றில் அவனுக்கும் ஒரு தட்டு எடுத்துவைத்தாள். அந்தப் பாவமும் எங்களைத்தான் சேரும்.

இதற்கிடையில் கம்பெனியிலிருந்து உத்தரவு வந்தது. வருகிற திங்கட்கிழமை காலையில் பொக்லைன் வந்து இடத்தைச் சமப்படுத்தும், தேயிலை நாற்று நடப்படும். மண்ணுக்குள் மிச்சமிருந்தது அந்த இரண்டு பிள்ளைகள்தான்.

அந்த வாரம் வியாழக்கிழமை வெள்ளத்தாய் வேலைக்குப் போகாமல் ஓடைக்கரையிலேயே உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் எடை போடுகிற நேரத்துக்குச் சும்மா வந்து நின்றாள். ஞானப்பூ கூடையைக் கவிழ்த்தபோது என்றும் வருகிற எழுத்துகளோடு புதிதாக ஒன்று வந்தது, பல் உதிர்ந்த சீப்பு மாதிரி ஒரு எழுத்து. மனோகரி அசதியில், டிக்ஷனரி மடியில் கிடக்க, நாற்காலியிலேயே தூங்கிவிட்டதால் அன்று வார்த்தை கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமை வெள்ளத்தாய் வேலைக்கு வந்தாள், ஞானப்பூ வழக்கம்போல் கை போட்டாள், சாயங்காலம் அந்தப் பல் உதிர்ந்த சீப்பு வெள்ளத்தாயின் குவியலில் கிடந்தது, ஞானப்பூவின் குவியலில் இல்லை.

வெள்ளத்தாய்க்கு ஒரு இங்கிலீஷ் எழுத்தும் தெரியாது, ஆனால் அடுத்த வீட்டுப் பாத்திரம் தன் வீட்டில் கிடந்தால் தெரியாதா? குனிந்து அந்த எழுத்தைக் கையால் தொட்டுப் பார்த்தாள்.

"யக்கா," என்றாள், "இது ஒம் மவன்து."

ஞானப்பூ தன் குவியலையும் அவள் குவியலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஒம் மவன் எழுத்தத்தான் நீ தெனமும் என் கூடையில அள்ளிப் போட்டிருக்க. ஒனக்குக் கொறஞ்சு போச்சு, எனக்குக் கூடிப் போச்சு. இத்தன நாளா வந்த பாக்கி எழுத்தெல்லாம் மத்தவுக போட்டது. இதுல எம் மவ எழுத்து எது, சொல்லு பாப்போம்."

படுதாவைச் சுற்றி நின்ற எல்லோரும் தங்கள் கையைப் பார்த்துக்கொண்டோம். இத்தனை நாளாக இரக்கப்பட்டு அள்ளிப் போட்ட கை. தாமோதரன்கூட அன்று எடை சொல்ல மறந்தான்.

ஞானப்பூ தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "நான்தாண்டி ஒன் பிள்ளைய வர விடாமப் பண்ணிட்டேன்."

"நீ ஒன் பிள்ளையவும்தான வர விடல," என்றாள் வெள்ளத்தாய். "நாளைக்கு யாரும் எனக்குக் கை போடாதீக. யாரும்."

சனிக்கிழமை மாதிரி ஒரு நாளை எங்கள் காடு பார்த்ததில்லை. எல்லோரும் கூடை வாயில் துணி கட்டிக்கொண்டு நிரையில் இறங்கினோம், கை தவறிப்போய்க்கூட ஒரு இலை அவள் கூடையில் விழக் கூடாது என்பதற்காக. வெள்ளத்தாய் தன் நிரையின் முதல் செடியில் நின்று, மடங்காத விரலை மற்றக் கையால் மடக்கி, ஒரு கொழுந்தைக் கிள்ளி, தோளுக்கு மேலாகக் கூடையில் போட்டாள், பிறகு அடுத்தது, பிறகு அடுத்தது. நாங்கள் அவளைத் தாண்டிப் போகப் போக, கை நிறையக் கொழுந்தோடு, தானாக அவள் பக்கம் நீள்கிற கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனோம். மத்தியானத்துக்குள் எல்லோரும் நிரை முடித்துவிட்டோம், அவள் பாதி நிரையில் இருந்தாள். யாரும் சாப்பிட உட்காரவில்லை. விரலில் ரத்தம் கசிந்து இலையில் பட்டது. அவள் நிரையின் மறுமுனையில் ஞானப்பூ முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு நின்றாள். உதவுவது சுலபம், உதவாமல் நின்று பார்ப்பது அப்படிப்பட்டதில்லை என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

எடை நேரத்தில் ஞானப்பூவின் கூடை நிறைந்திருந்தது. கொட்டியதும் எழுத்தெல்லாம் குறையில்லாமல் வந்தன, பல் உதிர்ந்த சீப்பான எஃப்பும் வந்தது. மனோகரி இந்தத் தடவை பங்களாவில் காத்திருக்கவில்லை, எடை போடுகிற இடத்துக்கே வந்திருந்தாள். பார்த்த உடனே, "இன்ஃபர்மேஷன்" என்றாள். இத்தனை நாள் அழுததற்கு அவ்வளவு சாதாரண வார்த்தைதான் வேண்டியிருந்தது. கவியரசன் டிவி ரிமோட்டைக் கையில் பிடித்தபடி வந்தான். ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் வந்து அடக்கம் ஆனது. எல்லோரும் கை மண் போட்டோம், வெள்ளத்தாயும் போட்டாள்.

வெள்ளத்தாயின் கூடையில் பாதிதான் சேர்ந்திருந்தது. படுதாவில் எல், என் இரண்டும் முழுசாக வந்தன, மூன்றாவது எழுத்துக்குக் கொழுந்து போதவில்லை, இடதுபக்கம் வளைந்த ஒரு கோடாக அரையும் குறையுமாக நின்றுவிட்டது. அது சி ஆகவும் இருக்கலாம், ஜி ஆகவும் இருக்கலாம், ஓ ஆகவும் இருக்கலாம் என்றாள் மனோகரி. ஞாயிற்றுக்கிழமை பறிப்பு இல்லை. திங்கட்கிழமை காலையில் பொக்லைன்.

திங்கட்கிழமை விடிந்தும் விடியாமலும், ஸ்டாப் பங்களாவிலிருந்து மனோகரி முதல்தடவையாக ஓடைக்கரைக்கு இறங்கி வந்தாள். செருப்பு சேற்றில் சிக்கிக்கொள்ள, அதை அங்கேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு வந்தாள். வெள்ளத்தாயும் குருசாமியும் ஞானப்பூவும் அங்கே இருந்தார்கள். மேலே ரோட்டில் பொக்லைன் முனகுகிற சத்தம் கேட்டது.

"ரெண்டு வார்த்தை இருக்கு. ஒண்ணு நல்ல நீளம், பதினேழு எழுத்து, ஆனா அதுல ஜி இல்ல," என்றாள் மனோகரி. "இன்னொண்ணுல சி, ஜி, ஓ மூணுமே இருக்கு. ரெண்டு எழுத்து கம்மி. ஆனா அது..."

"முதல்ல நீளத்தச் சொல்லுங்கம்மா."

"டெலிகம்யூனிகேஷன்."

வெள்ளத்தாய் அதை வாங்கி மண்ணைப் பார்த்துச் சொன்னாள். தெளிவாகத்தான் சொன்னாள், ஒரு எழுத்தும் விழுங்கவில்லை. மண் அசையவில்லை. அப்படியானால் அது ஜி.

மனோகரி சேற்றில் புதைந்த தன் காலைப் பார்த்தாள். என்ன வார்த்தை என்று வெள்ளத்தாய்க்கு அவள் முகத்திலேயே தெரிந்துவிட்டது, இசக்கிமுத்து சொன்ன அன்று அவளும் அங்கேதான் நின்றாள்.

"இசக்கிமுத்தண்ணன் சொன்னதாம்மா?"

"வேண்டாம் வெள்ளத்தாயி. வேற பாப்போம். கொஞ்சம் டைம் குடு."

"எந்த வார்த்தையா இருந்தா என்னம்மா. மண்ணுக்கா தெரியப் போவுது."

பொக்லைன் வளைவு திரும்பியது. வெள்ளத்தாய் கண்ணை மூடிக்கொண்டாள். போன வருஷம் பள்ளிக்கூடத்தில் ஓட்டத்தில் ஜெயித்து சுபிதா வாங்கிவந்த சின்னக் கோப்பையின் மேலும் அந்த வார்த்தைதான் ஒட்டியிருந்தது. என்னம்மா எழுதியிருக்கு என்று வெள்ளத்தாய் கேட்டதற்கு, ஒன் மவ கெட்டிக்காரின்னு எழுதியிருக்கு என்று சுபிதா சொல்லியிருந்தாள். மகளைக் கூப்பிடுகிற குரலில் வெள்ளத்தாய் சொன்னாள்.

"காங்கிராஜுலேஷன்ஸ்."

மண் பொங்கியது. பொங்கிப் பொங்கி விரிந்து, சட்டென்று நின்றது. ஓடைப் பக்கத்துப் பள்ளத்தில் கிடந்தவளுக்கு வார்த்தை இரண்டு முழம் போதவில்லை. மேலே வந்தது ஒரு கை மட்டும்தான், மணிக்கட்டில் ரப்பர் பேண்ட் போட்ட சின்னக் கை.

வெள்ளத்தாய் விழுந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். கை சூடாக இருந்தது. அவள் கத்தவில்லை. பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான். இனி விட்டால் அமுங்கிவிடும் என்பது மாதிரிப் பிடித்திருந்தாள்.

வேலைக்குப் புறப்பட்டு மேலே ரோட்டில் வந்துகொண்டிருந்தோம் நாங்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. கூடையை ரோட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு இறங்கினோம், பொக்லைன் வழியை மறித்து இறங்கினோம், மேனேஜர் தமிழில் திட்டத் திட்ட இறங்கினோம். குருசாமி மண்வெட்டியை எடுத்தான், வெள்ளத்தாய் தலையை ஆட்டினாள், பிள்ளைமேல் பட்டுவிடும். அவன் கீழே போட்டுவிட்டான். ஞானப்பூதான் முதலில் குனிந்து ஒரு கை மண்ணை அள்ளி அப்பால் போட்டாள். அடுத்து மாடத்தி ஒரு கை. அடுத்து செல்லையா மகள். இசக்கிமுத்து. வரிசையாக, நிரையில் தாண்டிப் போகிற மாதிரியே, ஒவ்வொருவரும் ஒரு கை அள்ளி எடுத்துவிட்டு நகர்ந்தோம், திரும்பி வந்து மறுபடி ஒரு கை. மனோகரியும் அந்த வரிசையில் வந்தாள், எப்படி அள்ள வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை, முன்னால் போனவளைப் பார்த்து அள்ளினாள். பொக்லைன் ஓட்டுகிறவன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்ஜினை அணைத்தான்.

சுபிதா இரட்டைச் சடை கலையாமல் வந்தாள். மறு கையில் தூக்குவாளியைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள், மூடி விலகவில்லை, ஒரு சொட்டும் சிந்தவில்லை. வெள்ளத்தாய் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வாளியை எடுத்தாள். உள்ளே குழம்பு ஆவி பறந்தது.

"யக்கா," என்று ஞானப்பூவிடம் நீட்டினாள். "ஒனக்குக் குடுத்து விட்டது."

ஞானப்பூ வாங்கிக்கொண்டாள். மத்தியானம், கவியரசனுக்குப் பக்கத்திலேயே சுபிதாவை வைத்து, எடுத்த மண்ணை எல்லோரும் ஒவ்வொரு கையாகத் திரும்பப் போட்டு முடித்த பிறகு, அவள் வீட்டுக்கு வந்து, கழுவாத கையாலேயே சோறு போட்டு, அந்தக் குழம்பை ஊற்றி, முழுவதும் சாப்பிட்டாள். உப்புக் கொஞ்சம் தூக்கல் என்று அப்புறம் ஒரு நாள் சொன்னாள். அன்றைக்குச் சொல்லவில்லை.

மறுநாள் காட்டில் யாரும் கூடை வாயில் துணி கட்டவில்லை, ஆனால் யாருக்கும் கை போடவும் துணிச்சல் வரவில்லை. வெள்ளத்தாய் தன் நிரையில் நின்றிருந்தாள், விரல் இன்னும் மடங்கவில்லை. ஞானப்பூ தன் நிரையிலிருந்து வந்து, கழுவி விளக்கிய தூக்குவாளியைக் கொடுத்தாள். கொடுத்தனுப்பிய பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தருவது எங்கள் லயங்களில் வழக்கமில்லை, சர்க்கரையோ அரிசியோ ஒரு பிடி போட்டுத்தான் தருவோம். ஞானப்பூவிடம் அன்று எதுவும் இல்லை. ஒரு கை கொழுந்தை அள்ளிப் போட்டு மூடித் தந்திருந்தாள். வெள்ளத்தாய் அதைத் திறந்து பார்த்தாள், தோளுக்கு மேலாகத் தன் கூடையில் கவிழ்த்துக்கொண்டாள். அதைப் பார்த்த பிறகு மாடத்தி ஒரு கை போட்டாள், மற்றவர்களும் போட்டார்கள்.

சாயங்காலம் அவள் கூடையைப் படுதாவில் கொட்டியபோது நாங்கள் எல்லோரும் சுற்றி நின்றோம். கொழுந்து குவிந்து விழுந்தது. தாமோதரன் எதையும் கழிக்காமல் எடை சொன்னான், அடுத்த ஆள் வா என்றான். வெள்ளத்தாய் நகரவில்லை. கொஞ்சம் பொறுங்கண்ணே என்று சொல்லிவிட்டு, ஒரு எழுத்தாவது, பாதி எழுத்தாவது வருமா என்று, அந்தக் கொழுந்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.